பிலடெல்பியாவின் கொள்ளைநோயும் செவிலியர் கூலியும்

1793-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அன்றைய தலைநகரான பிலடெல்பியாவுக்கு அருகே மரநிழலில் ஒரு விருந்து நடந்தது. அந்நகரின் கறுப்பின மக்கள் தமக்கென எழுப்பிவந்த கோயிலுக்குக் கூரை ஏற்றிய நாள் அது. முதற் பந்தியில் வெள்ளையர் சுமார் நூறு பேர் அமரக் கறுப்பினத்தார் பரிமாறினர். அடுத்த பந்தியில் கறுப்பினத்தார் அமர வெள்ளையர் பரிமாறினர். விருந்தில் கலந்துகொண்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ் இதனைத் தம் மனைவிக்கு மகிழ்வோடு எழுதினார். அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே, துறைமுகத்தை அடுத்த தெருக்களில் மஞ்சள் காய்ச்சல் வந்துவிட்டதென அவர் அறிவித்திருந்தார்.

அக்கோயில் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. ரிச்சர்ட் ஆலன், அப்சலோம் ஜோன்ஸ் ஆகிய இருவரும் அடிமைகளாகப் பிறந்து விடுதலை பெற்றவர்கள். மெத்தடிஸ்டு சபைக் கோயில் ஒன்றில் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருக்கையிலேயே, இது உங்கள் இடமன்று எனக் கறுப்பினத்தார் எழுப்பப்பட்டனர். அதனால் அவர்கள் அக்கோயிலைவிட்டு வெளியேறினர். இவ்விருவரும் 1787-இல் 'சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு ஷில்லிங் செலுத்துவர். நோயுற்றோரும் கைம்பெண்களும் அதிலிருந்து உதவி பெறுவர். கணக்கெழுதும் பழக்கம் அவர்களுக்கு அங்கேயே படிந்துவிட்டது. பின்னர் அது பெரிதும் பயன்பட்டது.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலும் கரீபியன் தீவுகளிலும் பரவியிருந்த நோய், கப்பல்கள் வழியே வட அமெரிக்கத் துறைமுகங்களை எட்டியது. செயிந்த் தொமிங்கு தீவின் கலகத்திலிருந்து தப்பிய அகதிகள் அவ்வாண்டில்தான் பிலடெல்பியாவில் வந்து இறங்கினர். கொசுவே நோயைப் பரப்புகிறது என்பதை 1900-இல்தான் மருத்துவ உலகம் உறுதிசெய்தது. 1793-இல் மருத்துவர் ரஷ், துறைமுக மேடையில் அழுகிக் கிடந்த காப்பிக்கொட்டையின்மீது பழியைப் போட்டார். நகரில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் இருந்தனர். நவம்பருக்குள் சுமார் 5,000 பேர் மாண்டனர். இன்னும் பல ஆயிரம் பேர் ஓடிப்போயினர். குடியரசுத் தலைவர் வாஷிங்டன் செப்டம்பர் 10-ஆம் நாள் தம் ஊருக்குப் புறப்பட்டார். நிதியமைச்சர் ஹாமில்டன் நோயில் விழுந்து பிழைத்தார்.

நகரில் தங்கியோரும் உளர். கத்தோலிக்கக் குருக்களுள் டொமினிக்கன் சபையின் பிரான்சிஸ் பிளெமிங், பவேரியா நாட்டினரான லாரன்ஸ் கிரேசல் ஆகிய இருவரும் நோயாளரிடையே பணியாற்றி இறந்தனர். கிரேசல், பால்டிமோர் ஆயர் ஜான் கரோலுக்கு இணை ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தவர். உரோமையின் நியமன ஆணை அவர் மறைந்த பின்னரே எழுதப்பட்டது.

மேயர் மத்தேயு கிளார்க்சன் நகரைவிட்டு அசையவில்லை. அரசு இயந்திரம் நின்றுபோன நிலையில் அவர் குடிமக்கள் குழு ஒன்றை அமைத்தார். குழு செய்த முதல் வேலைகளுள் ஒன்று, நார்த் அமெரிக்கா வங்கியில் 1,500 டாலர் கடன் வாங்கியது. அப்பணத்தால் சவப்பெட்டிகள் வந்தன, வண்டிகள் ஓடின. புஷ் ஹில் மாளிகை மருத்துவமனையாயிற்று. வணிகர் ஸ்டீபன் ஜிரார்டும் பீப்பாய் செய்யும் தொழிலினரான பீட்டர் ஹெல்மும் அதன் பொறுப்பைத் தாமே கேட்டு ஏற்றனர். எனினும் பணம் இருந்தும் நோயாளியைத் தொட ஆள் இல்லை.

இந்நிலையில்தான் ரஷ் கறுப்பின மக்களை நாடினார். இந்நோய் அவர்களைத் தீண்டாது என்று அவர் நம்பினார். நாளிதழில் எழுதியும் வேண்டினார். ஜோன்சும் ஆலனும் செபித்துக் கலந்துபேசி வீடு வீடாகச் சென்றனர். அவர்கள் நுழைந்த முதல் வீட்டில் மனைவி இறந்து கிடந்தாள், கணவன் இறந்துகொண்டிருந்தான், அருகே துணையற்ற இரு குழந்தைகள். அன்றே இருபதுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சந்தித்தனர். பின்னர் மேயரிடம் சென்று எப்பணியில் உதவலாம் எனக் கேட்டனர். செவிலியரைத் திரட்டுவதும் பிணங்களை அடக்கம் செய்வதும் அவர்கள் தலையில் விழுந்தன. நோய் அவர்களைத் தீண்டாது என்ற நம்பிக்கை பொய்த்தது. 1792-இல் நகரில் அடக்கம் செய்யப்பட்ட கறுப்பினத்தார் 67 பேர். 1793-இல் 305 பேர். ஆலனும் நோயுற்றுப் பிழைத்தார்.

செவிலியர் கூலி நாள்தோறும் ஏறியது. மேயர் ஜோன்சையும் ஆலனையும் அழைத்து, உங்கள் செல்வாக்கைப் பயன்படுத்திக் கூலியைக் குறையுங்கள் என்றார். ஏற்றுபவர்கள் செவிலியர் அல்லர், ஒருவர் ஒப்பந்தம் செய்த ஆளை இன்னொருவர் கூடுதல் தொகை காட்டி இழுத்துச் செல்கிறார் என்பதை அவர்கள் எடுத்துரைத்தனர். மேயரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

குருமடத்தில் நாங்கள் கற்ற அறநெறி இறையியலில் இதற்கொரு அளவுகோல் உண்டு. வாங்குபவரின் அவசரத் தேவையைக் காரணம் காட்டி விலையை உயர்த்துதல் தகாது; அத்தேவை விற்பவரின் உடைமை அன்று. ஆனால் கொடுப்பதால் தமக்கு நேரும் இழப்பை விலையில் சேர்த்துக்கொள்ளலாம். இது புனித தோமாஸ் அக்குவினாஸ் தரும் வேறுபாடு. இதனைப் பிலடெல்பியாவில் பொருத்திப் பார்ப்போம். வீட்டாரின் அச்சத்தை விற்பது குற்றம். தன் உயிரைப் பணயம் வைக்கும் பெண் அந்த ஆபத்துக்கு ஈடு கேட்பது குற்றமாகாது. இரண்டும் ஒரே நாணயத்தில்தான் கொடுக்கப்படுகின்றன என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவர் ஒன்றை மற்றொன்றாக எளிதில் எண்ணிவிடுவர். ஆயினும் தீர்ப்பளிக்குமுன் விசாரிப்பது எழுதுவோரின் கடமை.

விசாரிக்கத் தவறியவர் நம்மவர் ஒருவர் என்பதைச் சொல்லாமல் விட இயலவில்லை. மத்தேயு கேரி, டப்ளினில் பிறந்த கத்தோலிக்கர். ஐரிஷ் மக்களின் உரிமைக்காக எழுதி ஆங்கில அரசின் பகையைத் தேடிக்கொண்டு அமெரிக்கா வந்த அச்சகத்தார். 1790-இல் அந்நாட்டின் முதல் ஆங்கிலக் கத்தோலிக்கத் திருவிவிலியத்தை அச்சிட்ட பெருமைக்குரியவர். மேயரின் குழுவில் அவரும் இடம்பெற்றார். 1793 நவம்பரில் இந்நோயின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். சில வாரங்களில் அது பல பதிப்புகளைக் கண்டது. அதில் ஜோன்சையும் ஆலனையும் பாராட்டிய அவர், கறுப்பினத்தாருள் இழிந்தோர் ஓர் இரவுக்கு இரண்டு முதல் ஐந்து டாலர் வரை பறித்தனர் என்றும், சில வீடுகளில் திருடினர் என்றும் எழுதினார். ஒடுக்குமுறையைத் தம் நாட்டில் அறிந்திருந்த ஒருவர் இதனை எழுதியதுதான் நமக்கு வருத்தம் தருகிறது.

1794 ஜனவரியில் ஜோன்சும் ஆலனும் மறுப்பு நூல் ஒன்றை வெளியிட்டனர். பெயர் சுட்டி இருவரைப் புகழ்ந்துவிட்டு மற்றவரைப் பெயரின்றித் தூற்றினால், பெயரில்லா ஒவ்வொருவர் மீதும் பழி படியும் என்பதை அவர்கள் தெளிவாகக் கண்டிருந்தனர். ஆகவே அவர்களும் பெயர்களைச் சொன்னார்கள். சாம்சன் என்னும் ஏழை வீடு வீடாகச் சென்று கூலியின்றி உதவி, நோயுற்று மாண்டார். சாரா பாஸ் என்னும் கைம்பெண் எதையும் கேட்கவில்லை. மேரி ஸ்காட் ஒரு தந்தையையும் மகனையும் பேணினார். இருவரும் இறந்தபின் வீட்டுத் தலைவி கூலி கேட்க, நாளுக்கு அரை டாலர் போதும் என்றார். அது குறைவு என வற்புறுத்தியும் கூடுதலாக வாங்க மறுத்துவிட்டார். அத்தலைவி நெகிழ்ந்து, ஆண்டுக்கு ஆறு பவுண்டு வாழ்நாள் உதவித்தொகை ஏற்படுத்தினார்.

மறுபுறத்தையும் அவர்கள் மறைக்கவில்லை. பிணத்தைப் பெட்டியில் வைக்க ஒரு வெள்ளைப் பெண்மணி ஆறு பவுண்டு, அதாவது 16 டாலர், பெற்றார். அப்பெட்டியை மாடியிலிருந்து இறக்க வெள்ளையர் நால்வர் 40 டாலர் பெற்றனர். கேரியைப் பற்றி எழுதுகையில், அவர் கூலியாள் அல்லர், ஓடிவிட அவருக்கு உரிமை உண்டு என்கின்றனர். குழுவில் சேர்ந்த சில நாள்களில் அவர் நகரைவிட்டுச் சென்றிருந்தார். யோவான் நற்செய்தியின் நல்லாயன் பகுதியை வாசித்தவர்க்கு அச்சொல்லின் கூர்மை விளங்கும். செவிலியர் பலரைவிட அந்நூலை விற்று அவர் ஈட்டியது அதிகம் என்றும் குத்திக்காட்டினர்.

பின்னர் கணக்கை வைத்தனர். அடக்கப் பணிக்காகப் பெற்றது 233 பவுண்டு 10 ஷில்லிங் 4 பென்ஸ். சவப்பெட்டிகளுக்குச் செலவு 33 பவுண்டு. ஐந்து ஆள்களுக்கு, மூவர்க்கு 70 நாளும் இருவர்க்கு 63 நாளுமாக, நாளொன்றுக்கு 22 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் கொடுத்த கூலி 378 பவுண்டு. ஆக இழப்பு 177 பவுண்டு 9 ஷில்லிங் 8 பென்ஸ். பெருக்கியும் கூட்டியும் பார்த்தேன். ஒரு பென்ஸ்கூடப் பிசகவில்லை. அந்த நாள்கூலி மூன்று டாலருக்குச் சமம் என்பதையும் காண்க. தம் ஆள்களுக்கு உயர்ந்த கூலியைத் தயங்காமல் கொடுத்து, இழப்பைத் தாங்களே ஏற்றிருக்கின்றனர். கூலி குறைவதே புண்ணியம் என அவர்கள் கருதவில்லை.

2020-இல் கொரோனா பரவியபோது மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், மார்ச் 27-ஆம் நாள் மழையில் நனைந்த வெற்றுச் சதுக்கத்தில் செவிலியரையும் துப்புரவுப் பணியாளரையும் குறிப்பிட்டு நன்றி கூறினார். உலகெங்கும் கைதட்டல் எழுந்த நாள்கள் அவை. ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறன்று மக்கள் இயக்கங்களுக்கு எழுதிய மடலில் அவர் கூலியைப் பற்றிப் பேசினார். இன்றியமையாத பணியை உரிமையேதுமின்றிச் செய்வோர்க்கு அடிப்படை ஊதியம் வழங்குவதை எண்ணிப்பார்க்கும் காலம் இதுவாக இருக்கலாம் என்றார். முந்தையது எல்லாராலும் நினைவுகூரப்படுகிறது. பிந்தைய மடலைப் பற்றி நம் மன்றங்களில் உரையாடல் குறைவு.

ஜோன்சும் ஆலனும் எழுதிய நூல் கணக்கோடு முடியவில்லை. மேயர் கிளார்க்சன், அவர்களுடைய நடத்தை தமக்கு மனநிறைவு அளித்தது என வழங்கிய சான்றும் அதில் இடம்பெற்றது. அதன்பின், அடிமைகளை வைத்திருப்போரை நோக்கிய வேண்டுகோள் ஒன்றையும் அவர்கள் சேர்த்தனர். அந்நூல் வெளியான போது, வாஷிங்டன் பிலடெல்பியாவுக்குத் திரும்பியிருந்தார். அவருடைய இல்லத்தில் அடிமைகள் கூலியின்றி வேலை செய்துகொண்டிருந்தனர்.