லாட்

லாட்: ஆங்கிலத்தில் முதலில் திருவுளச்சீட்டையும், பிறகு அதனால் வாய்த்த பங்கையும், அதன்பின் பொருள்தொகுதியையும், ஈற்றில் மிகுதியையும் குறிக்கலான சொல். ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டுச் சபையோரைத் தெரிந்தெடுத்த முறையை, முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்ச் சாசனங்களால் அறிந்த காஞ்சிபுர மாவட்டத்தார்க்கு இச்சரித்திரம் விநோதமாகத் தோன்றாது. அம்மாவட்டத்துப் பென்னலூரைச் சூழ்ந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்சாலைகளில் லாட் என்பது, ஒரே நிலைமையில் தொடர்ச்சியாக உற்பத்தியான பாகங்களின் தொகுதி; அதற்கெனத் தனி எண் இருப்பதாலேயே, ஒன்றில் தோஷம் கண்டவுடன் உடன்பிறந்தவற்றை மட்டும் பிரித்து நிறுத்துதல் சாத்தியமாகிறது. 'எ லாட் ஆஃப்' என்னும் தொடரிலோ திட்டமான எண்ணிக்கை ஏதுமில்லை. பின்வரும் பெயர் பன்மையாயின் பன்மை வினையும், நீர்போல் எண்ணலாகாததாயின் ஒருமை வினையும் அமையும். பேச்சுக்கு இத்தொடர் பொருந்தும். விண்ணப்பங்களில் 'மெனி', 'மச்' என்பவற்றை ஆளுதலே உசிதம்.