ஓர் ஆள், ஓர் எண்

மருத்துவமனை மென்பொருளின் வரலாற்றை எழுதச் சொன்னால், 1907 ஜூலையில், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் ஊரிலிருந்துதான் தொடங்குவேன். கணினி வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன. ஆனாலும் ரெக்கார்ட் ரூமிலேயே காலம் கழித்த எனக்கு, இன்று திரையில் ஓடுவதெல்லாம் அங்கே தாளில் பிறந்ததாகவே படுகிறது.

அதுவரை அந்த ஊரின் மேயோ கிளினிக்கில் ஒவ்வொரு டாக்டரும் தனிப் பேரேடு வைத்துக்கொண்டு, நோயாளிகள் வந்த வரிசையில் எழுதிக்கொண்டே போவார். போன வருஷம் வயிற்றுவலிக்கு ஒருவரிடம் காட்டியவர், இந்த வருஷம் கழுத்து வீங்கி இன்னொருவரிடம் வந்தால், பழைய குறிப்புக்காகப் பேரேடு பேரேடாகப் புரட்ட வேண்டும். தைராய்டு நோய்களில் பேர்பெற்ற டாக்டர் ஹென்றி பிளம்மர் இந்த வழக்கத்தை மாற்றினார். வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு ஓர் உறை. எந்த டாக்டர் பார்த்தாலும் லேப் முடிவு, ஆபரேஷன் குறிப்பு, கடிதம் எல்லாம் அந்த உறைக்குள்ளேதான் போக வேண்டும். 1914-இல் எழுந்த புதிய கட்டடத்தில், மாடிக்கு மாடி உறைகளைக் கொண்டு சேர்க்க இயந்திர வசதியும் செய்தார்.

பிளம்மரைப் பற்றிச் சொல்லும்போது மேபல் ரூட் என்ற பெண்மணியையும் சொல்லியாக வேண்டும். பிளம்மரோடு கூடவே நின்று, நோய்வாரியாகத் தேடும் அட்டவணைகளை உருவாக்கிய உழைப்பு அவருடையது. எங்கள் தொழிலுக்கு அவர் மூத்தவர். அந்தச் சேகரிப்பின் பலத்தில்தான் 1966-இல் லெனார்ட் கர்லண்ட் அந்த வட்டாரத்து மக்களின் நோய்க்கணக்கைத் தொடங்க முடிந்தது.

ஏறக்குறைய அதே நேரத்தில், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆக்டோ பார்னெட்டின் ஆய்வுக்கூடத்தில் நீல் பப்பலார்டோவும் கூட்டாளிகளும் மம்ப்ஸ் என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். கையில் இருந்தது ஒரு பிடிபி-7 கணினி. அதில் இடம் மிகக் குறைவு. ஒரு நோயாளிக்கு 40 பரிசோதனை இருக்கும், அடுத்தவருக்கு இரண்டே இரண்டு. எல்லாருக்கும் 40 கட்டம் ஒதுக்கினால் காலிக் கட்டங்களே இடத்தைத் தின்றுவிடும். மம்ப்ஸில் எண்ணை அடிமரமாக வைக்கலாம். அதிலிருந்து வருகைத் தேதி, தேதியிலிருந்து பரிசோதனை, பரிசோதனையிலிருந்து முடிவு என்று கிளை பிரியும். செய்யாத பரிசோதனைக்குக் கிளையே கிடையாது. இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. பிளம்மரின் உறை அப்படியே கணினிக்குள் வந்திருந்தது.

1979-இல் விஸ்கான்சினில் ஜூடித் ஃபாக்னர் தொடங்கிய மருத்துவமனை மென்பொருள் நிறுவனம்தான் இன்றைய எபிக். அதன் மென்பொருளும் மம்ப்ஸின் மேல் கட்டப்பட்டதே. 2018-இல் ராச்செஸ்டர் மேயோ எபிக்குக்கு மாறியபோது, அந்தப் பணிக்குப் பிளம்மரின் பெயரையே வைத்தார்கள்.

நூறு வருஷம் கழிந்தும் எல்லாம் அந்த ஓர் எண்ணில்தான் நிற்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்குச் சோதனை அதிகம். கல்யாணத்துக்கு முன் 'எம். செல்வி', பின் 'செல்வி ஆர்.', வயது கேட்டால் 'ஒரு அம்பது இருக்கும்'. இரண்டு எண் விழுந்துவிடும். பென்சிலின் ஆகாது என்பது ஒரு எண்ணில் பதிந்திருக்க, டாக்டர் மருந்து எழுதுவது மற்ற எண்ணில். மென்பொருள் தன் முன்னால் திறந்திருக்கும் எண்ணை மட்டும் பார்க்கும், எச்சரிக்கை வராது. பிறகு கண்டுபிடித்து இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதற்குள், எத்தனை மாத்திரைச் சீட்டு வெளியே போயிருக்குமோ.

அதனால் கவுன்ட்டரில் புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் விடாமல் சொல்வது இதுதான்: "முன்னாடி இங்க வந்திருக்கீங்களாம்மானு கேட்டுட்டு விட்டுடாதீங்க. அப்பா பேர்ல, வீட்டுக்காரர் பேர்ல, பழைய ஃபோன் நம்பர்ல, மூணுலயும் தேடிட்டுத்தான் புது நம்பர் போடணும். வரிசையில நிக்கிறவங்க சத்தம் போட்டாலும் பரவாயில்ல."