சாமிக்கண்ணு வின்சென்டுக்கு ஒரு கண்காட்சி வைத்தால்

அமராவதி நகர்ல இருந்து பேசறேன். ஒரு சினிமாக்காரருக்கு மியூசியத்துல கண்காட்சின்னா இப்ப ஒரு ஃபார்முலா இருக்கு. நாலு சுவர்லயும் தரையிலயும் படம் ஓடும், நடுவுல நாம நிற்போம். நம்ம கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்டுக்கு அப்படி ஒண்ணு டிசைன் பண்ண உட்கார்ந்தா முதல் கேள்வியிலேயே மாட்டிக்கறோம். சுவர்ல எதை ஓட விடறது?

வின்சென்ட் பிறந்தது 1883-ல். திருச்சியில் ரயில்வே வேலை. 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே படம் காட்ட வந்து, உடம்பு முடியாமல் நாடு திரும்ப நினைத்தார். அவருடைய புரொஜக்டரையும் ஏசுவின் வாழ்க்கை பற்றிய படச்சுருளையும் வின்சென்ட் வாங்கினார், வேலையை விட்டார், கிளம்பிவிட்டார். பெஷாவர், பர்மா வரைக்கும் டென்ட் போட்டிருக்கிறார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால். 1933-ல் கல்கத்தா பயனியர் கம்பெனியோடு சேர்ந்து 'வள்ளி திருமணம்' எடுத்தார்; டி.பி. ராஜலட்சுமி நடித்த படம்.

அந்த ஹால் கட்டடம் இன்றைக்கு இல்லை. அந்தக் காலத்துப் படங்களும் பெரும்பாலும் இல்லை. நடராஜ முதலியாரின் 'கீசகவதம்', தமிழ்நாட்டில் எடுத்த முதல் மௌனக் கதைப்படம், அதுக்கே ஒரு பிரதி கிடையாது. நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், வெச்சிருந்தா தானாகவே மக்கும். மிச்சம் இருந்ததை வெள்ளிக்காக உருக்கினாங்க.

அதனால என் கணக்கு இதுதான்: படத்தைக் காட்ட வேண்டாம், படம் காட்டினதைக் காட்டணும். திருப்பூர்ல ஒரு பழைய கோடவுன் போதும். தரையில மணல். கரண்ட் இல்லாத ஊரின் கும்மிருட்டு, முதல்ல அஞ்சு நிமிஷம் அதுலயே உட்கார வைக்கணும். (ஃபோனை வாசல்லயே வாங்கிடணும், இதுல சமரசம் கிடையாது.) அப்புறம் கைப்பிடி சுத்தற ஒரு புரொஜக்டர். 35 எம்.எம். பிலிம்ல ஒரு அடிக்கு 16 ஃபிரேம். நொடிக்கு 16 ஃபிரேம் வேகத்துல சுத்தினா ஆயிரம் அடி ரீல் சுமார் 17 நிமிஷம் ஓடும். பார்க்க வந்தவங்களே சுத்தணும். கை தளர்ந்தா திரையில மனுஷன் மெதுவா நடப்பான், அவசரப்பட்டா ஓடுவான். மோட்டார் வெச்சா இந்த விஷயமே போயிடும். திரைக்குப் பக்கத்துல ஒருத்தர் நின்னு கதை சொல்லணும். மௌனப்படக் கொட்டகையில அப்படி ஆள் உண்டு. அவர் குரலுக்குத்தான் பாதிக் கூட்டம்னு நான் நினைக்கறேன். ரெக்கார்டிங் வேண்டாம், கூத்து ஆடறவங்க யாரையாவது கூப்பிடலாம்.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட பழைய டென்ட் கொட்டாய் நோட்டீஸ், டிக்கெட் ஏதாவது இருந்தா எடைக்குப் போடாதீங்க. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.