டெக்கோரம்

வேலையில் சேர்ந்த புதிதில் குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஓர் அம்மாள் வந்திருந்தார். கணவர் இறந்து இரண்டு மாதம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்துவிட்டு வந்த எனக்கு வீட்டுத் தமிழ்தான் தெரியும். மனுவை நான்தான் எழுதினேன். "என் கணவர் செத்த தேதி" என்று எழுதி நீட்டினேன். அந்த அம்மாள் படித்துவிட்டுப் பேனாவைத் தொடவில்லை. தலைமை எழுத்தர் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது அவங்க கையெழுத்துப் போடற தாள்" என்று மட்டும் சொல்லி, 'காலமான' என்று திருத்தினார். அதன்பிறகே கையெழுத்து விழுந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு 'டெக்கோரம்' என்பார்கள். லத்தீன் சொல்; பொருந்துவது, தகுவது என்று பொருள். இப்போது சட்டசபையில் கூச்சல் எழும்போதுதான் பத்திரிகைகளில் அது தலைகாட்டுகிறது. ஆதியில் அது இலக்கியச் சொல்லும்கூட. மீடியா தன் பிள்ளைகளைக் கொல்வதைச் சபையோர் கண்முன் காட்டக் கூடாது என்று ரோமானியக் கவி ஹொராஸ் விதித்தார். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்கள் அதை இறுகப் பிடித்துக்கொண்டு 'பியன்சேயான்ஸ்' என்றார்கள். ரசீன் எழுதி 1677இல் மேடையேறிய 'ஃபேத்ரு' நாடகத்தில் இளவரசன் இப்போலித்தைக் குதிரைகள் இழுத்துச் சென்று கொல்கின்றன. மேடையில் அது நடக்காது. அவனுடைய ஆசான் வந்து தகப்பனிடம் சொல்லுவார். பிள்ளையில் எனக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது!

தமிழில் இதற்கு நேரான சொல்லைப் பின்னால்தான் கண்டேன். நன்னூல் அதைத் 'தகுதி வழக்கு' என்கிறது. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்று. செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம். எங்கள் தலைமை எழுத்தர் இலக்கணம் படித்தவரா என்று நான் கேட்டதில்லை.

ஆனால் தகுதி என்றால் மூடி மறைப்பது என்று நினைத்துவிடக் கூடாது. பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறினால் தருமபுரி, அன்றைய தகடூர். அங்கிருந்த அதியமானுக்காக ஔவையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது போனார். தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். ஔவை என்ன சொன்னார் என்பது புறநானூற்றின் 95ஆம் பாட்டில் இருக்கிறது. இங்கே உள்ளவை மயில்தோகை அணிந்து, மாலை சூடி, நெய் பூசி, காவலுக்குள் அழகாக இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ, பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் கொட்டிலில் கிடக்கின்றன. ஒரு சுடுசொல் இல்லை, ஒரு பொய்யும் இல்லை. யாருக்குப் போர்ப் பழக்கம் அதிகம் என்பது தொண்டைமானுக்கா புரிந்திருக்காது?