துரைமார் போன யுத்தம்

பதினோராந் தர வகுப்பில் முதலாம் உலக யுத்தத்தைப் படிப்பித்துக் கொண்டிருந்தபோது, பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேர், நம்ம பக்கத்திலயிருந்து யாரும் போனாங்களா?" எனக்கு விடை தெரியவில்லை. ஆசிரியர் கலாசாலையில் சரயேவோவில் சுடப்பட்ட இளவரசரைப் பற்றி மணிக்கணக்காகப் படித்தவன் நான். கந்தப்பளையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. "பார்த்துச் சொல்றேன் பிள்ளை" என்று அன்று சமாளித்தேன்.

தேடிப் பார்த்ததில், மலைநாட்டிலிருந்து போயிருக்கிறார்கள். முதலில் போனவர்கள் துரைமார். 1900இல் அமைக்கப்பட்ட தோட்டத்துரைமார் ரைபிள் படைக்குத் தலைமையகம் கண்டி. அதில் சேர வெள்ளைக்காரராக இருக்கவேண்டும். யுத்தம் தொடங்கிய சில வாரங்களில், 1914 ஒக்டோபரில், மேஜர் ஹோல் பிரவுண் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் 'வூஸ்டர்ஷயர்' கப்பலில் எகிப்துக்குப் புறப்பட்டார்கள். அக்காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைவரை ஒரு சின்ன ரயில் ஓடியது. எங்கள் பக்கத்துத் துரை யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் அதில்தான் இறங்கிப் போயிருப்பார். கணக்கப்பிள்ளையும் கங்காணியும் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டபடியே இருந்திருப்பார்கள். கொழுந்து யுத்தத்துக்காகக் காத்திருக்காது.

எகிப்தில் அவர்கள் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையுடன் இணைக்கப்பட்டார்கள். 1915 ஏப்ரல் 25ஆம் திகதி அந்தப் படை துருக்கியின் கலிபோலிக் கரையில் இறங்கியது. ஜெனரல் பேர்ட்வுட்டின் தலைமையகத்துக்குக் காவல் நின்றவர்கள் இலங்கைத் துரைமார். இங்கிலாந்தின் பெரிய பாடசாலைகளில் படித்துவிட்டுத் தேயிலைக்கு வந்தவர்கள் அவர்களில் பலர். அந்தப் படிப்பு போதும், மளமளவென்று மற்றைய படைப்பிரிவுகளில் அதிகாரிகளானார்கள். யுத்தம் முடிவதற்குள் அப்படையைச் சேர்ந்த சுமார் 80 பேர் மாண்டுபோனார்கள். அந்த இழப்பைச் சின்னதாக்க நான் விரும்பவில்லை. எதிர்க்கரையிலும் படித்த பிள்ளைகள்தான் நின்றார்கள். இஸ்தான்புல் மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள் வகுப்பை விட்டுவிட்டுப் போர்முனைக்குப் போயிருந்தார்கள்.

இனிக் கண்டித் திரித்துவக் கல்லூரி. அங்கே சிங்களவர், தமிழர், பறங்கியர் எனப் பலரும் ஒன்றாகப் படித்தார்கள். அதிபர் பிரேசரே பின்னர் பிரான்சில் படைக் குருவாகப் பணிபுரிந்தார். அவருடைய மாணவர்களும் யுத்தத்துக்குப் போனார்கள். ஆனால் அவர்களது சொந்த ஊரிலேயே தலைமையகம் இருந்த படையில் அவர்களுக்கு இடமில்லை! தாமாகவே கப்பலேறி இங்கிலாந்து போய், அங்குள்ள படைகளில் சேரவேண்டியிருந்தது. ரிச்சர்ட் அலுவிஹாரே அப்படிப் போனவர். மிடில்செக்ஸ் படைப்பிரிவில் சாதாரண சிப்பாய். 1916இல் சொம் போரில் காயப்பட்டார். ஊர் திரும்பி, சிவில் சேவையில் சேர்ந்து, 1947இல் இந்நாட்டின் முதலாவது இலங்கையரான பொலிஸ் மாஅதிபர் ஆனார். கொழும்பு சென் தோமஸ் கல்லூரியின் பழைய மாணவர் பசில் ஹோர்ஸ்போல் 1918 மார்ச்சில் பிரான்சில் விழுந்து விக்ரோரியாச் சிலுவை பெற்றார். அவர் வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளை. ஆரம்பத்திலேயே அதிகாரி.

நம்மவர்களுக்கு 1915 என்றால் வேறொரு நினைவு. துருக்கித் தொப்பியுடன் வழக்காட வந்த அப்துல் காதரை உயர் நீதிமன்றம் தடுத்து, அதற்காக ஊரே கிளர்ந்து பத்து வருஷந்தான் ஆகியிருந்தது. இப்போது அந்தத் துருக்கியின் மண்ணில் இலங்கைத் துரைமார் துப்பாக்கியுடன் நின்றார்கள். கலிபோலித் தரையிறக்கம் நடந்து ஐந்து வாரங்கூட ஆகவில்லை, மே 28 இரவு கண்டியில் கலவரம் மூண்டது. நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிந்தன. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் வந்தது. போர்முனைக்குப் போகாமல் ஊரில் தங்கிய துரைமாருக்கு இப்போது இங்கேயே வேலை கிடைத்தது. அவர்களும் பஞ்சாபிச் சிப்பாய்களும் சிங்களக் கிராமங்களுக்குள் புகுந்தார்கள். விசாரணையின்றிச் சுடப்பட்டவர்கள் உண்டு. கொழும்பு நகரக் காவற்படையின் அதிகாரி ஹென்றி பேதிரிஸ், பிரித்தானிய அரசரின் சீருடை அணிந்திருந்த இளைஞர், ஜூலை 7இல் அதே அரசரின் பேரால் சுட்டுக்கொல்லப்பட்டார். கடையை இழந்த நம்மவரைக் காக்க வந்ததாகத்தான் அந்தத் துப்பாக்கிகளைப் பற்றி நம்மிடையே சிலர் இன்றும் பேசுகிறார்கள். எனக்கு அவ்வளவு இலகுவாக நன்றி சொல்ல வரவில்லை. மூன்று நாட்கள் கடைகள் எரியும்வரை அவை எங்கே இருந்தன?

அடுத்த கிழமை கரும்பலகையில் மூன்று திகதிகளை எழுதினேன்: 1914 ஒக்டோபர், 1915 ஏப்ரல் 25, 1915 மே 28. முதல் இரண்டையும் சொல்லி முடித்தேன். "அப்ப நம்ம ஆளுங்களை ஏன் சேர் சேர்க்கல்ல?" என்று அதே பிள்ளை இடைமறித்தாள். அதைப் பேசிக்கொண்டிருக்கையில் மணி அடித்துவிட்டது. மூன்றாவது திகதியை அழிக்காமல் விட்டுவிட்டு வந்தேன்.