நந்தி விலகியது, வாசல்?

கதை சொல்லி முடித்ததும் வாத்தியார் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ பதில் ஏற்கனவே கரும்பலகையில் இருக்கிறது. பிள்ளை அதைப் பார்த்துக் கட்டுரை நோட்டில் எழுதுகிறது. கருத்து எழுதுவது என்பதை நமது தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் இப்படித்தான் பழக்கியிருக்கின்றன. பெரியவர்களின் கருத்தைப் பிழையில்லாமல் எழுதினால் போதும்.

இதற்கு மாற்றாக ஒரு முறை உண்டு. ஒரே கதையை வேறொருவர் பக்கமிருந்து சொல்ல வைத்து, இரண்டையும் ஒப்பிட்டு, ‘நீ என்ன நினைக்கிறாய், ஏன்?’ என்று கேட்பது. அமெரிக்காவில் ஜான் ஷெஸ்கா 1989இல் மூன்று பன்றிக்குட்டிகளின் கதையை ஓநாயின் வாக்குமூலமாக எழுதினார். அங்குள்ள வகுப்பறைகள் அதை இந்தப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டன. நம்மிடம் பாட்டி வடை சுட்ட கதை இருக்கிறது. வடை பாட்டியுடையது, காக்கா திருடியது, நரி ஏமாற்றியது. நீதியோ காக்கா - நரி விவகாரத்தோடு முடிந்துவிடுகிறது. பாட்டியின் நஷ்டத்தை யாரும் விசாரிப்பதில்லை. கேட்டால் ஏழு வயதுப் பிள்ளையே இதைச் சொல்லிவிடும்.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. ‘ஒவ்வொருவருக்கும் ஒரு பார்வை’ என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் பார்வைகள் அந்தரத்தில் நிற்பவை அல்ல. அவற்றுக்கு நிலமும் சாதியும் காலமும் உண்டு. இதைக் காட்ட கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓநாயை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. சிதம்பரத்தில் நந்தன் கதை இருக்கிறது.

அந்தக் கதை வளர்ந்த வரலாற்றைப் பாருங்கள். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் ‘திருநாளைப்போவார்’ என்ற பெயர் மட்டும்தான், கதை கிடையாது. அடுத்து நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி ஊரைச் சொல்கிறது, சாதியைச் சொல்கிறது, தில்லை மூவாயிரவர் கைகூப்ப அவர் முனிவரானதைச் சொல்கிறது. அங்கேயும் தீ இல்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழாரிடம் வரும்போதுதான் தீ மூட்டப்படுகிறது. இறைவன் நந்தன் கனவிலும் அந்தணர் கனவிலும் தோன்றிச் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. தீயில் இறங்கியவர் பூணூலோடும் சடையோடும் எழுந்து, கோயிலுக்குள் சென்று மறைந்துவிடுகிறார்.

1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் ஒரு புதிய ஆள் நுழைகிறார்: பண்ணை வேதியர். சேக்கிழாரிடம் இல்லாத இவர், நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுத்தான் சிதம்பரம் போகலாம் என்கிறார். பக்திக் கதைக்குள் பண்ணையாள் முறை வந்துவிட்டது! அயோத்திதாசரின் ‘இந்திரர் தேச சரித்திரம்’ கதையையே தலைகீழாக்கியது. அங்கே நந்தன் பௌத்த அரசன், வஞ்சகத்தால் கொல்லப்பட்டவன். 1927இல் சிதம்பரம் வந்த காந்தி, தன்னையே வருத்திக்கொண்டு தடைகளை வென்றவராக நந்தனைக் கண்டார். இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’ நாடகத்திலோ தீ என்பது ஆதிக்க சாதியார் விரித்த வலை.

ஒரே தீதான். ஒருவருக்கு அருள், ஒருவருக்குத் தியாகம், இன்னொருவருக்குக் கொலை. இவற்றில் எதை ஏற்பது? இங்கேதான் கருத்து எழுதும் பயிற்சி தொடங்குகிறது. கனவு கண்டது யார்? அதை நமக்குச் சொன்னது யார்? முந்தைய நூலில் இல்லாத தீ பிந்தைய நூலில் ஏன் தேவைப்பட்டது? உள்ளே போனவர் திரும்பி வந்து ஏன் ஒரு வார்த்தையும் பேசவில்லை? இவை பிரதியைக் கட்டுடைக்கும் விமர்சகர்களுக்கு மட்டுமான கேள்விகள் அல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கும், கேட்கவிட்டால்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தீ வேண்டாம். திருப்புன்கூர் போதும். வெளியே நின்ற நந்தன் சாமியைப் பார்க்க முடியாமல் நந்தி மறைக்கிறது; சாமி சொன்னதும் விலகுகிறது. மூன்றாம் வகுப்பில் இதை நந்தி சொல்வதாக ஒரு பத்தி, நந்தன் சொல்வதாக ஒரு பத்தி, உள்ளே நின்றவர் சொல்வதாக ஒரு பத்தி எழுத வைக்கலாம். அப்புறம் ஒரே கேள்வி: நந்தி விலகியது சரி, வாசல் ஏன் திறக்கவில்லை? ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது, ஏனென்றால்...’ என்று இரண்டு வரி எழுதட்டும். அந்த ‘ஏனென்றால்’ முக்கியம். காரணம் சொல்லப் பழகாத கருத்து இன்னொரு கட்டளையாகத்தான் முடியும். ‘சாமி கும்பிட்டால் போதும், உள்ளே போக வேண்டாம்’ என்று ஒரு பிள்ளை எழுதினாலும் அதை அடிக்கக் கூடாது. அதற்கும் ஏன் என்று கேட்க வேண்டும்.

சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்கு நந்தனார் பெயரைத்தான் வைத்தார். அதுவும் நந்தன் கதைக்கு ஒரு வாசிப்புதான். தீக்குள் இறங்கச் சொல்லப்பட்டவனின் பெயரில் எழுத்துக்குள் போக ஒரு வாசல். அந்த வாசலால் உள்ளே வந்த பிள்ளைகளிடமும் நாம் ‘நீதி என்ன’ என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால், நந்தியைக் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறோம், அவ்வளவுதான். தீர்ப்பை அவர்கள் எழுதட்டும். திருத்துகிற சிவப்பு மை எழுத்துப் பிழையோடு நிற்கட்டும்.