சிவாகமச் சுவடிகளும் நூல்நிலையங்களின் கூட்டுறவும்

வேதமும் சிவாகமமும் சைவசித்தாந்தத்திற்கு முதனூல்களாம் என்பது நம்மவர் யாவரும் அறிந்ததே. மூலாகமங்கள் 28 என எண்ணப்பெறும். அவற்றுட் பல இன்று பெயரளவிலும், சில சிற்சில பகுதியளவிலுமே எஞ்சியுள்ளன. எஞ்சியவையும் ஓரிடத்தில் இல்லை. மூலம் ஒரு நாட்டிலும், அதன் உரை மற்றொரு நாட்டிலும், நல்ல பாடம் பிறிதோர் எழுத்திலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஆகலின் ஆகமப் பதிப்பு தனியொரு நூல்நிலையத்தால் முற்றுப்பெறுவதன்று; பல நிலையங்கள் ஒன்றற்கொன்று உதவுதலாலேயே கைகூடுவது. இதனை நிகழ்ந்த வரலாறு கொண்டு காட்டுதும்.

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் 1887-இல் சீவகசிந்தாமணியை வெளியிட்டபொழுது, பலவிடத்து ஏடுகளை ஒப்புநோக்கியே பாடந் துணிந்தனர். அது சமண காப்பியமாயினும், அப்பணிக்குத் திருவாவடுதுறை யாதீனம் உற்ற துணையாய் நின்றது. கல்விப் பொருளைப் பகிர்தலிற் சமயவேற்றுமை பாராமை நம் மடங்களின் பழைய மரபென்பது இதனாற் பெறப்படும்.

ஆகமத்துறையில் இந்நெறி விரிவாகக் கையாளப்பெற்றது புதுச்சேரியிலாம். 1955-இல் ழான் பிலியோசா என்னும் அறிஞர் அங்குப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அதனைச் சார்ந்த பண்டிதர் நா. ரா. பட் அவர்களும் உடனுழைத்தோரும் கோயிற் குருக்கள்மார் இல்லந்தோறுஞ் சென்று சுவடி தேடினர். கொடுக்க இசைந்தோரிடம் ஏட்டைப் பெற்றனர்; இசையாதோரிடம் இரவலாகப் பெற்று, நாகரவெழுத்திற் காகிதப்படி எடுத்துக்கொண்டு, ஏட்டைத் திருப்பியளித்தனர். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிநிலையம் முதலியவற்றின் ஏடுகளுக்கும் இங்ஙனமே படிகள் எடுக்கப்பெற்றன. அப்படிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டன. இவ்வுழைப்பின் பயனாக ரௌரவம், மிருகேந்திரம், மதங்கபாரமேசுவரம் முதலியன பாடவேறுபாடுகளுடன் அச்சேறின. பிரெஞ்சு நாட்டுக் கீழ்த்திசைப் பள்ளியின் புதுச்சேரிக் கிளையிலுள்ளவற்றையுஞ் சேர்த்து ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை, உலக நாடுகளின் கல்விக்கழகமாகிய யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது.

இனி, கூட்டுறவின் இன்றியமையாமையைக் கிரணாகமம் நன்கு விளக்கும். அதற்கு உரைகண்ட பட்டராமகண்டர் 10-ஆம் நூற்றாண்டிற் காசுமீரத்தில் வாழ்ந்தவர். அவருரையைக் காத்தளித்தவை தென்னாட்டுச் சுவடிகள். மூலத்தின் பழைய ஏடோ கி.பி. 924 என ஆண்டு குறிக்கப்பெற்று நேபாளத்தில் உள்ளது. இம்மூன்றையும் இணைத்துக் காண்பார்க்கன்றி அந்நூலின் வரலாறு புலப்படாது. ஆகமத் தொகையுள் ஒன்றாகிய நிசுவாசத்தின் மிகப் பழைய ஏடும் காட்மாண்டுவிலேயே கிடைத்தது. புதுச்சேரியாரும் செருமனி நாட்டு ஆம்பர்க்குப் பல்கலைக்கழகத்தாரும் கூடியுழைத்து அதன் முதற்பகுதியை 2015-இல் வெளியிட்டனர்.

ஈண்டு ஒரு தடை எழும். தீக்கை பெற்றார்க்கே உரிய நூலைப் பிறர் கையிற் கொடுத்தல் முறையாமோ எனின், கூறுதும். ஆகமம் விதிக்கும் அதிகாரம் கிரியைகளை இயற்றுதற்கும் உபதேசத்திற்கும் உரியது. அது நூலைச் செல்லுக்கு இரையாக்கும்படி விதித்ததன்று. அழிந்த நூல் தீக்கையுற்றார்க்கும் பயன்படாது. படியெடுத்தலால் ஏட்டின் உரிமையும் குறைவதில்லை. மேலும், ஓரிடத்தே அடைத்துவைத்தல் காவலாகாது என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. 1981-இல் அந்நகரப் பொது நூலகம் தீயிடப்பெற்றபொழுது, ஏறத்தாழ 97,000 நூல்கள் ஏடுகளுடன் வெந்து சாம்பராயின. வேறிடத்துப் படியிருந்தவை மீண்டும் கிடைத்தற்குரியன. படியில்லாதவை போனவை போனவையே.

ஆகலின் அன்பர்கள் செய்யத்தக்கன மூன்று: உள்ள ஏட்டுக்கு அட்டவணை எழுதுதல், படியெடுக்க இசைதல், படியைக் குறைந்தது இரண்டு நிலையங்களில் வைத்தல். எல்லைப்புறத்தார்க்கு இது பின்னும் இன்றியமையாதது. ஓசூர், அஞ்செட்டிப் பக்கத்து நாட்றாம்பாளையம் போன்ற ஊர்களில் தமிழோடு கன்னடமும் தெலுங்கும் வழங்குகின்றன. அத்தகைய ஊரில் ஒரு வீட்டுப் பரணிற் கன்னடவெழுத்திலோ நந்திநாகரியிலோ ஓர் ஏடு இருப்பின், படிப்பாரின்றிப் பழந்தாளென்று கழிக்கப்படுதல் கூடும். அதனைச் சென்னைக்கோ மைசூர்க்கோ அறிவித்தால், ஓரிடத்தார் படிக்கமாட்டாததை மற்றோரிடத்தார் படிப்பர். அவ்வேடே நம் ஆகமமொன்றிற் காணாமற்போன படலமாகவும் இருத்தல் கூடும்.

திருவருள் இப்பணிக்குத் துணைநிற்பதாக.